விமானம் இறங்கும்... மீட்டர் ஏறும்!

2019 அக்டோபரில் ரஷ்யாவில் ஒரு கழுகுக்காக ஊர் கூடி ரீசார்ஜ் செய்தது. ஸ்டெப்பிக் கழுகுகள் அருகிவரும் இனம். அவை எங்கே பறக்கின்றன, எங்கே ஆபத்தில் சிக்குகின்றன என்று பார்ப்பதற்காகப் பறவை ஆய்வாளர்கள் சில கழுகுகளின் முதுகில் சின்னக் கருவியைக் கட்டிவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு. கழுகு இருக்கும் இடத்தை அது எஸ்.எம்.எஸ். ஆக அனுப்பிக்கொண்டே இருக்கும். ‘மின்’ என்று பெயரிடப்பட்ட கழுகு அந்த ஆண்டுக் கோடையை கஜகஸ்தானில், டவரே இல்லாத பகுதியில் கழித்தது. அனுப்ப முடியாத மெசேஜ்கள் கருவிக்குள்ளேயே குவிந்தன. பிறகு கிளம்பிய கழுகு, சிக்னலுக்கு வந்து சேர்ந்த இடம் ஈரான். அவ்வளவுதான், கோடை முழுக்கச் சேர்ந்திருந்த மெசேஜ்கள் வரிசைகட்டிப் பறந்தன. கஜகஸ்தானில் ஒரு மெசேஜுக்கு 15 ரூபிள், ஈரானில் 49. ஆய்வுக்கு வைத்திருந்த பணம் கரைந்துபோய், கடைசியில் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். ஒரு லட்சம் ரூபிளுக்கு மேல் சேர்ந்தது. விஷயம் உலகச் செய்தியானதும் மெகாஃபோன் செல்போன் நிறுவனம் கடனைத் தள்ளுபடி செய்து, கழுகுகளுக்கு மலிவுக் கட்டணம் கொடுத்தது.

அடுத்த கதையில் வருபவர் அமைச்சர். ஸ்காட்லாந்தின் மைக்கேல் மாதிசன், 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பத்தோடு மொராக்கோ போனார். நாடாளுமன்றம் கொடுத்த ஐபேடும் கூடவே போனது. திரும்பி வந்தபின் வந்த ரோமிங் பில், 10,935 பவுண்டு. ஏறத்தாழ 11 லட்ச ரூபாய். அலுவல் வேலைக்குத்தான் பயன்படுத்தினேன் என்றார். நாடாளுமன்றமும் பணத்தைக் கட்டியது. 2023 நவம்பரில் உண்மை வெளியே வந்தது: அவருடைய மகன்கள் ஐபேடை ஹாட்ஸ்பாட் ஆக்கி கால்பந்துப் போட்டி பார்த்திருக்கிறார்கள். பில்லில் பெரும்பகுதி ஏறியது 2023 ஜனவரி 2-ம் தேதி. அன்று செல்டிக் - ரேஞ்சர்ஸ் ஆட்டம். முழுத் தொகையையும் கைக்காசிலிருந்து கட்டுவதாகச் சொன்னார். ஆனாலும் விஷயம் அடங்கவில்லை. 2024 பிப்ரவரியில் சுகாதார அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஒரு ஃபுட்பால் மேட்ச், ஒரு அமைச்சர் பதவி!

இந்த இரண்டு சம்பவங்களிலும் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்ததால்தான் பில் வந்தது. ரோமிங் கட்டணத்துக்கும் தூரத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு என்ன விலைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. சரி, வாட்ஸ்அப்பில் ஓசியில் பேசும் காலத்தில் யாருக்கு வேண்டும் ரோமிங் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் பேச்சு இல்லை, நம்பர். அதைப் பிறகு பார்ப்போம்.

சிக்னல் வந்த கதை

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பிய விமானம் சிங்கப்பூரின் சாங்கியில் இறங்குகிறது. சீட் பெல்ட் விளக்கு அணைவதற்குள் பாதிப் பேர் கையில் போன் வந்துவிடும். ஃப்ளைட் மோடை எடுத்ததும் போன் பக்கத்தில் உள்ள டவர்களைத் தேடுகிறது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என எது கிடைக்கிறதோ அதனிடம் தன் சிம்மின் 15 இலக்க அடையாளத்தைச் சொல்கிறது. இது நாம் ஊருக்கெல்லாம் கொடுக்கும் போன் நம்பர் இல்லை. சிம்முக்குள் எழுதப்பட்டிருக்கும் தனி எண். முதல் மூன்று இலக்கமே நாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். 404, 405 என்றால் இந்தியா. சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502, இலங்கைக்கு 413. அடுத்து வரும் இலக்கங்கள் எந்த நிறுவனம் என்று சொல்லும். சிங்கப்பூர் நெட்வொர்க் உடனே இந்தியாவில் இருக்கும் அந்த நிறுவனத்தின் கணினியை விசாரிக்கிறது. இவர் உங்கள் ஆளா, இவருக்கு ரோமிங் உண்டா? அங்கிருந்து ‘ஆமாம்’ வந்தால்தான் திரையில் சிக்னல் கோடு ஏறும். அதே நேரத்தில் நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது இந்திய நிறுவனத்துக்கும் தெரிந்துவிடுகிறது. ‘சிங்கப்பூர் உங்களை வரவேற்கிறது’ என்று கட்டண விவரத்தோடு ஒரு மெசேஜ் வருமே, அதை அனுப்புவது நம்மூர் கம்பெனிதான்.

இந்த ஏற்பாடு நம் நாட்டு செல்போனைவிட மூத்தது. 1987-ல் கோபன்ஹேகனில் 13 ஐரோப்பிய நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் ஒரே மாதிரியான டிஜிட்டல் செல்போன் முறைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. ஜி.எஸ்.எம். என்பது அதுதான். ஒரு நாட்டின் போன் இன்னொரு நாட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்பது தொடக்கத்திலேயே அதன் நோக்கம். 1992-ல் டெலிகாம் ஃபின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தத்தைப் போட்டன. இந்தியாவிலோ 1995 ஜூலை 31-ல்தான் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்து முதல் செல்போன் அழைப்பைத் தொடங்கிவைத்தார்.

அதன்பின் 2003 மே மாதம் வரை நமக்கு இன்கமிங்குக்கும் காசு பிடித்தார்கள் என்பதை இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ‘ரிங் விடுறேன், எடுக்காதே’ என்பது அன்றைய தேசிய மொழி. வெளிநாட்டு ரோமிங்கில் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. தஞ்சாவூரிலிருந்து மாமா உங்கள் நம்பரை அழுத்துகிறார். நீங்கள் கோலாலம்பூரில் இருப்பது அவருக்குத் தெரியாது. உள்ளூர் அழைப்புக்கான கணக்குதான் அவர் பக்கம் ஓடும். தஞ்சாவூரிலிருந்து உங்கள் நிறுவனம் வரை அவர் பொறுப்பு. அங்கிருந்து கோலாலம்பூர் வரை கொண்டுவந்து சேர்க்கும் செலவு உங்கள் தலையில். எடுக்காமல் விட்டால் செலவில்லை. மிஸ்டு கால் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

ஒரு விவரம். ‘நான் எடுக்காவிட்டால் வாய்ஸ் மெயிலுக்குப் போகட்டும்’ என்றோ வேறு நம்பருக்கு ஃபார்வர்ட் ஆகட்டும் என்றோ போட்டு வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் அதை எடுத்துவிடுவது நல்லது. அழைப்பு உங்களைத் தேடி வெளிநாட்டுக்கு வந்து, நீங்கள் எடுக்காததால் மறுபடி இந்தியாவுக்குத் திரும்பிப் போகும். போக ஒரு காசு, வர ஒரு காசு. நீங்கள் ஹலோகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நிறுவனங்களுக்கு இடையே இந்தக் கணக்கு கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி ஓடுகிறது. உங்கள் ஆள் எங்கள் ஊரில் இத்தனை நிமிஷம் பேசினார், இத்தனை எம்.பி. இழுத்தார் என்று சிங்கப்பூர் நிறுவனம் எழுதி ஃபைலாக அனுப்பும். இந்தியா வந்துபோன சிங்கப்பூர்க்காரர்களின் கணக்கை இவர்கள் அங்கே அனுப்புவார்கள். இரண்டையும் கழித்துப் பார்த்து, மிச்சம் யார் தர வேண்டுமோ அவர் தருவார். இந்தக் கணக்கு வழக்கைப் பார்ப்பதற்கென்றே நடுவில் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. மொத்த விலை என்ன என்பது அவர்களுக்குள் ரகசியம். நமக்குச் சொல்லப்படுவது சில்லறை விலை மட்டும்.

பக்கத்து அறைக்குப் போக மூவாயிரம் கிலோமீட்டர்

டேட்டாவின் பாதை இன்னும் வேடிக்கையானது. சிங்கப்பூர் ஹோட்டலில் இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் இருக்கும் கணவர், பக்கத்து அறையில் இருக்கும் மனைவிக்கு ஒரு போட்டோ அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சிங்கப்பூர் டவரில் ஏறி, கடலடி கேபிள் வழியாக இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள நிறுவனத்தின் வாசலைத் தாண்டித்தான் இணையத்துக்குள் நுழைகிறது. மனைவியும் இந்திய ரோமிங்கில் இருந்தால் அதே பாதையில் திரும்பவும் ஒரு பயணம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏர்டெல்லை நடத்தும் பாரதி நிறுவனமும் சிங்டெல்லும் சேர்ந்து 2002-ல் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளமே சுமார் 3,200 கிலோமீட்டர். அதே சிங்டெல் இன்றைக்கும் ஏர்டெல்லின் பெரும் பங்குதாரர்களில் ஒன்று. சொந்தக்காரர்கள்தான், ஆனாலும் ரோமிங் கட்டணம் தனி.

வெளிநாட்டில் கூகுளைத் திறந்தாலும் நம்மூர் விளம்பரம் வருவதும், ரோமிங்கில் வேகம் கொஞ்சம் குறைவதும் இதனால்தான். இதில் ஒரு லாபமும் உண்டு. சீனாவில் ஹோட்டல் வைஃபையில் கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் திறக்காது. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவைப் போட்டால் எல்லாம் திறக்கும். போன் இருப்பது ஷாங்காயில் என்றாலும், இணையத்துக்குள் அது நுழைவது இந்தியாவிலிருந்துதான். குவாங்சோவுக்குச் சரக்கெடுக்கப் போகும் வியாபாரிகளுக்கு இது பழைய செய்தி.

பில் எகிறுவது டேட்டாவில்தான். பேசும்போது நாம் பேசுகிறோம் என்று நமக்குத் தெரியும். டேட்டாவை நம்மைக் கேட்காமலே போன் செலவழிக்கும். போட்டோக்களை கிளவுடில் ஏற்றும், ஆப்களை அப்டேட் செய்யும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா போட்ட காலை வணக்க வீடியோவை டவுன்லோடு செய்து தயாராக வைத்திருக்கும். ரோமிங் பேக் போடாமல் போனால் ஒரு எம்.பி.க்கு இவ்வளவு என்று கணக்கு. உள்ளூரில் ஒரு நாளுக்கு ஒன்றரை ஜி.பி., இரண்டு ஜி.பி. என்று பழகிய கை, எம்.பி. என்ற அளவையே மறந்துபோய்விட்டது. ஸ்விட்சர்லாந்து சுற்றிவிட்டு வந்த அமெரிக்கர் ஒருவருக்கு 9.5 ஜி.பி. டேட்டாவுக்கு 1,43,000 டாலருக்கு மேல் பில் வந்தது. விஷயம் டி.வி. வரைக்கும் போன பிறகு டி-மொபைல் அதைத் தள்ளுபடி செய்தது.

நம்மூர் ப்ரீபெய்டுகாரருக்கு இந்தக் கதி வராது. இருப்பு தீர்ந்தால் இணைப்பு நிற்கும், அதோடு சரி. போஸ்ட்பெய்டுகாரர்தான் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பா கடிவாளம் போட்டது எப்படி?

ஒப்பந்தம் போட்டவர்களே விலை வைத்தால் விலை தானாக இறங்காது என்பதை ஐரோப்பா சீக்கிரமே புரிந்துகொண்டது. அங்கே காலையில் ஒரு நாட்டிலும் மாலையில் இன்னொரு நாட்டிலும் இருப்பது சகஜம். எல்லையில் வீடு வைத்திருப்பவருக்கு அடுப்படியில் ஒரு நெட்வொர்க், மொட்டை மாடியில் இன்னொன்று. ஐரோப்பிய ஆணையத்தில் தொலைத்தொடர்புக்குப் பொறுப்பாக இருந்த விவியன் ரெடிங், நிறுவனங்களின் எதிர்ப்பைத் தாண்டி 2007-ல் உச்சவரம்பு கொண்டுவந்தார். பேசினால் நிமிஷத்துக்கு 49 சென்ட், வந்த அழைப்புக்கு 24 சென்ட், வரி தனி. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2010-ல் இன்னொரு விதி: டேட்டா பில் 50 யூரோவைத் தொட்டதும், வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்டிருந்தாலன்றி, இணைப்பை நிறுத்த வேண்டும். 2017 ஜூன் 15 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் ஊரில் கொடுக்கும் கட்டணம்தான். 2022-ல் அதை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள்.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணமில்லை என்று முதலில் சொன்ன அங்குள்ள பெரிய நிறுவனங்களில் சில, கொஞ்ச நாளில் கொண்டுவந்துவிட்டன. டவரும் கேபிளும் அப்படியேதான் இருந்தன. மாறியது சட்டம் மட்டும்.

வளைகுடா நாடுகள் தங்களுக்குள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. சிங்கப்பூரும் மலேசியாவும் 2011-ல் பேசிக் குறைத்தன. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை. இந்தியாவிலிருந்து நேபாளத்துக்கு முக்திநாத் யாத்திரை போகிறவர், பாஸ்போர்ட்கூட இல்லாமல் எல்லையைத் தாண்டலாம். போனுக்கு மட்டும் தனிக் கட்டணம். அவ்வளவு ஏன், நாட்டுக்குள்ளேயே ஒரு எல்லை இருக்கிறது. ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். அமர்நாத் போகிறவர்கள் அங்கே போய்த் தனி சிம் வாங்குவது இதனால்தான்.

அதே டவர், வேறு விலை

நிறுவனங்கள் சொல்லும் விலை நியாயமானதா என்பதை இ-சிம் வந்த பிறகு எளிதாகக் கண்டுபிடிக்க முடிகிறது. பிளாஸ்டிக் அட்டைக்குப் பதிலாக, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிப்பில் ஒரு க்யூஆர் கோடு மூலம் இணைப்பை இறக்கிக்கொள்வதுதான் இ-சிம். போன்களுக்கான தரநிலை 2016-ல் வந்தது. 2018-ன் ஐபோன் எக்ஸ்.எஸ். அதைப் பிரபலமாக்கியது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022 முதல் சிம் போடும் இடமே கிடையாது. வெளிநாட்டுப் பயணத்துக்கென்றே இ-சிம் விற்கும் நிறுவனங்கள் டஜன்கணக்கில் முளைத்துவிட்டன.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்த இ-சிம்களில் பெரும்பாலானவையும் ரோமிங்தான். பாரிஸில் இறங்கி அதை ஆன் செய்தால், உங்கள் இணைய முகவரி போலந்து என்றோ ஹாங்காங் என்றோ காட்டும். எங்கோ ஒரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் ஒப்பந்தத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறார்கள். டவர் அதேதான், மொய் நோட்டும் அதேதான். ஆனால் வழக்கமான ரோமிங்கைவிடப் பல நாடுகளில் மலிவு. இத்தனை இடைத்தரகர்களைத் தாண்டியும் அவர்களால் இந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது என்றால், பேக் போடாதவர்களிடம் எம்.பி.க்கு வாங்கும் பணம் எந்தச் செலவுக்கானது? பதில் சொல்ல வேண்டியவர்கள் பேக் விலையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அதுவே ஒரு பதில்தான்.

இந்தியாவில் இதற்கும் ஒரு தடங்கல் உண்டு. வெளிநாட்டு சிம்மை இங்கே விற்க தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லை என்று 2024 ஜனவரியில் ஏரலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு பெரிய செயலிகளையும் இங்குள்ள ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கவைத்தது அரசு. மோசடிக்காரர்கள் வெளிநாட்டு நம்பர்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம்.

நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். போய் இறங்கிய ஊரின் சிம்மே மலிவு. இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வரும் வழியிலேயே டயலாக், மொபிடெல் கவுன்ட்டர்கள் கூப்பிடும். பாஸ்போர்ட்டைக் காட்டினால் சில நிமிஷத்தில் வேலை முடிந்தது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் எந்தத் தெருவிலும் ப்ரீபெய்டு கார்டு கிடைக்கும். தமிழிலேயே விளக்கம் சொல்லி போட்டுக் கொடுப்பார்கள்.

“அந்த நம்பர் வருமாய்யா?”

திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர் விமானம் கிளம்பும் வேளையில், உள்ளே போகும் வாசலுக்கு வெளியே நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். மகளின் பேறுகாலத்துக்காகக் கிளம்பிய அம்மா. கையில் ஊறுகாயும் பத்தியப் பொடியும் அடைத்த பை. மகன் அம்மாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்.

“இங்க பாரும்மா... டேட்டா ரோமிங்னு இருக்குல்ல, இத மட்டும் தொட்டுராத.”

“நான் எதுக்குய்யா அதத் தொடப் போறேன்? உங்கிட்ட எப்படிப் பேசுறது?”

“அக்கா வீட்ல வைஃபை இருக்கும்மா. வாட்ஸ்அப்ல பேசு.”

“சாதாரணமா யாராச்சும் போன் பண்ணா?”

“எடுக்காத. காசு போயிரும். வேணும்னா நீ வாட்ஸ்அப்ல திருப்பிக் கூப்பிடு.”

“சரி. அப்பா பென்ஷன் அக்கவுன்ட்ல பணம் அனுப்பணும்னா ஒரு நம்பர் வருமே... அந்த நம்பர் வருமாய்யா?”

மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வரும்மா. அது வர்ற மெசேஜ்தானே, அதுக்குக் காசு இல்ல” என்கிறார்.

அம்மா கேட்ட கடைசிக் கேள்விதான் இன்று ரோமிங்கை உயிரோடு வைத்திருக்கிறது. கால் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டு ஊருக்குப் பேசிய தலைமுறைக்கு வெளிநாட்டு போன் என்றால் குரல். இன்று குரலுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. துபாயில் கொஞ்சம் தகராறு. அங்கே வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், கால் போகாது. போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற ஆப்பைப் பிடிக்க வேண்டும். ஆனால் வங்கி, ஆதார், வருமான வரி, பி.எஃப்., கேஸ் சிலிண்டர் என எல்லாக் கதவும் திறப்பது அந்தப் பத்து இலக்க இந்திய நம்பருக்கு வரும் ஓ.டி.பி.யில்தான். ஆள் வெளிநாட்டில் இருக்கலாம். நம்பர் எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

மகன் சொன்னது பெரும்பாலும் சரி. ரோமிங்கில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை. ஆனால் வருவதற்கு அந்த நம்பரில் சர்வதேச ரோமிங் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பல நேரம் அது தானாக இயங்காது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ கேட்டு ஆன் செய்ய வேண்டும். சில திட்டங்களில் ரோமிங் பேக் ஒன்று போட்டால்தான் சிக்னலே கிடைக்கும். அங்கே போன பிறகு ஆன் செய்யலாம் என்றால், ஆன் செய்வதற்கே ஓ.டி.பி. கேட்கும். அது வராது என்பதுதானே பிரச்னையே!

அனுப்பும் மெசேஜுக்குக் காசு உண்டு. அதில் இரண்டு இடத்தில் ஆள் தெரியாமல் மாட்டுவார். வெளிநாட்டில் புதுப் போன் வாங்கி யு.பி.ஐ. ஆப்பைப் போட்டால், நம்பரைச் சரிபார்க்க அந்த ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். வெளிச்செல்லும் மெசேஜுக்கு வழியில்லை என்றால் பதிவு முடியாது. ஐபோனில் சிம்மை மாற்றினாலோ, கழற்றிப் போட்டாலோ, ஐமெசேஜ் இயங்குவதற்காக அது சத்தம் போடாமல் ஒரு வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பும். இருப்பில் சில ரூபாய் காணாமல் போவதற்குக் காரணம் பல சமயம் இதுதான்.

ஆறு மாதம் அமெரிக்காவில் பேரப்பிள்ளை பார்க்கப் போகும் பெற்றோருக்குச் சிக்கல் வேறு மாதிரி. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் ப்ரீபெய்டு நம்பரை நிறுவனம் துண்டிக்கலாம். இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று 2013-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. ஆனால் இப்போது விஷயம் அதோடு முடிவதில்லை. வேலிடிட்டி முடிந்தால் இன்கமிங்கும் நின்றுபோகும் திட்டங்கள்தான் அதிகம். நின்றுபோன நம்பர் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்கு விற்கப்படும். உங்கள் வங்கிக் கணக்கின் மெசேஜ்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய போனில் டிங் என்று அடிக்கும். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும், ஓராண்டு வரை வேலிடிட்டி தரலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது. 2025 ஜனவரியிலேயே அந்த பேக்குகள் வந்தன. விளம்பரத்தில் அவ்வளவாகக் கண்ணில் படாது. தேடிப் பார்த்தால் ஆப்பின் அடியில் கிடக்கும். நம்பரை உயிரோடு வைத்திருக்க அதுவே போதும்.

நெருக்கடியைக் குறைக்க ரிசர்வ் வங்கியும் ஒரு வழி திறந்திருக்கிறது. எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. மட்டுமே என்றில்லாமல் வேறு முறைகளிலும் பணப் பரிவர்த்தனையை உறுதிசெய்யலாம் என்ற அதன் புதிய விதிமுறைகளுக்கு 2026 ஏப்ரல் 1 கெடு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கு, குறிப்பிட்ட சில நாடுகளின் நம்பரை வைத்தே யு.பி.ஐ. போட 2023-லேயே அனுமதி வந்துவிட்டது. சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கணக்கு என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ.வாக இருக்க வேண்டும்.

இந்திய நம்பருக்கு இவ்வளவு மதிப்பு என்றால் திருடனுக்கும் அது தெரியும்தானே. கம்போடியா, லாவோஸ், மியான்மர் பக்கம் மோசடிக் கூடாரங்களில் இந்திய சிம்கள் ரோமிங்கில் வேலை செய்துகொண்டிருப்பதை அரசு கண்டுபிடித்திருக்கிறது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லித் தமிழ்நாட்டு இளைஞர்களையும் அங்கே கொண்டுபோய் அடைத்து, நம்மவர்களிடமே மோசடி செய்ய வைத்தார்கள். உள்ளூர் மாதிரி +91 என்று காட்டி வெளிநாட்டிலிருந்து வரும் போலி அழைப்புகளைத் தடுக்க, 2024 அக்டோபரில் ஒரு தடுப்பு முறை வந்தது. முதல் 24 மணி நேரத்தில் தடுத்தது 1.35 கோடி அழைப்புகள். வெளிநாட்டிலிருந்து +91 நம்பர் வந்தால் அது நிஜமாகவே ரோமிங்கில் இருக்கும் நம்பர்தானா என்று சரிபார்ப்பதுதான் இதன் அடிப்படை.

கால் இங்கே, சிக்னல் அங்கே

வெளிநாடு போனால்தான் ரோமிங் என்றில்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் பலருக்கு இலங்கை நெட்வொர்க் வந்து எட்டிப்பார்க்கும். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். பழைய ஜி.எஸ்.எம். டவரின் எட்டும் எல்லை சாதாரணமாக 35 கிலோமீட்டர். நடுவில் மலை, கட்டடம் எதுவும் இல்லாத கடல். சிக்னல் தங்குதடையின்றி வரும். இந்தப் பக்கம் டவர் வலுவில்லாத இடத்தில் போன் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். ரோமிங் ஆன் ஆகியிருக்கும் போஸ்ட்பெய்டு போனாக இருந்தால் மீட்டர் ஓடும். செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் ‘தானாகத் தேர்ந்தெடு’ என்பதிலிருந்து மாற்றி, நம் நிறுவனத்தின் பெயரைத் தொட்டு நிறுத்திவிட்டால் வம்பில்லை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் குடியிருப்பவர்களுக்கு இது தினப்படி சங்கதி. ஒரு கிலோமீட்டர் சொச்சப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாரு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் போன் மலேசியாவுக்குப் போய்விடும்.

விமானத்திலும் கப்பலிலும் சில நேரம் தனியாக டவரே இருக்கும். செயற்கைக்கோள் வழியாகப் பேசும் அந்த டவர்கள் எந்த நாட்டிலும் சேர்த்தி இல்லை. ‘மலேசியா பேக்’, ‘இலங்கை பேக்’ எதுவும் அங்கே செல்லாது. கட்டணமும் வானத்தில்தான். விமானத்தில் ஃப்ளைட் மோடு போடச் சொல்வது பாதுகாப்புக்கு என்பார்கள், பர்ஸுக்கும் பாதுகாப்புதான்.

வேறு ஒரு தலைவலி சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. நாடு நாடாக 2ஜி, 3ஜி டவர்களை மூடுகிறார்கள். சிங்கப்பூர் 2017-ல் 2ஜியை மூடி, 2024-ல் 3ஜிக்கும் மூடுவிழா நடத்தியது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் கடைசி 3ஜி டவர்களை அணைக்கத் தொடங்கினார்கள். அவசர உதவி எண்ணை 4ஜியில் அழைக்க முடியாத போன்களுக்கு நெட்வொர்க்கே கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. 4ஜியில் குரல் போக வேண்டும் என்றால் இரண்டு நிறுவனங்களுக்கும் அதற்கான ஒப்பந்தம் இருக்க வேண்டும், போனும் ஒத்துழைக்க வேண்டும். இல்லையென்றால் டேட்டா ஓடும், யூடியூப் ஓடும், சாதாரண கால் மட்டும் போகாது. வயதான பெற்றோருக்குப் பழைய பட்டன் போனைக் கொடுத்து அனுப்பும் பிள்ளைகள், போகிற நாட்டில் அது வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

திரும்பி வந்தபின்

ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாளே பில் சுத்தமாக இருக்கிறது என்று போஸ்ட்பெய்டுகாரர் நிம்மதி அடையக் கூடாது. வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கு வந்து சேர நாளாகும். அடுத்த மாத பில்லில் வந்து உட்காரும். தகராறு வரும் இடங்கள் பெரும்பாலும் பேக்கின் நேரக் கணக்கில். ஒரு நாள் பேக் என்றால் 24 மணி நேரமா, அல்லது இந்திய நேரப்படி நள்ளிரவில் முடிந்துவிடுமா என்பது ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி. நியூயார்க்கில் மத்தியானம் இரண்டரை மணி என்றால், கோடைக் காலத்தில் இந்தியாவில் நள்ளிரவு. காலையில் போட்ட பேக் சாப்பிட்டு எழுவதற்குள் காலாவதியாகி, அதற்குப் பிறகு இழுத்த டேட்டாவுக்கு எம்.பி. கணக்கு ஓடலாம். பேக் இயங்கத் தொடங்கியதாக வந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். அதில் நேரம் இருக்கும்.

புகாரை முதலில் கஸ்டமர் கேரில் பதிந்து எண் வாங்க வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குமேல் கதவில்லை என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டெலிகாம் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்ற வாதத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இப்போது உங்கள் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். சின்னத் தொகை வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.